வீடு மாறும் மின்னஞ்சல்

வீடு மாற்றுகிறவர்கள் பீரோவையும் கட்டிலையும் பாத்திர பண்டங்களையும் கவனமாக வண்டியில் ஏற்றிவிட்டு, பரண்மேல் கிடக்கும் பழைய டிரங்குப் பெட்டியை மறந்துவிடுவது உண்டு. வீட்டுப் பத்திரமும், தாத்தா எழுதிய கடிதங்களும், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் அந்தப் பெட்டியில்தான் இருந்தன என்பது பிறகுதான் நினைவுக்கு வரும். கணிப்பொறிக்குப் புதிய இயங்குதளம் போடும்போதும் ஏறக்குறைய இதுவே நிகழ்கிறது. புகைப்படங்களை எடுத்து வைக்கிறோம். வினாத்தாள்களை எடுத்து வைக்கிறோம். மின்னஞ்சல் மட்டும் எங்கோ மேலே இருக்கிறது, தானாக வந்துவிடும் என்று நம்பிவிடுகிறோம். சிலருக்கு அவ்வாறே வந்தும் விடுகிறது. சிலருக்கு வருவதில்லை. இந்த வேறுபாடு ஏன் என்பதையும், வராதவர்கள் என்ன செய்யவேண்டும் என்பதையும் பன்னிரண்டாம் வகுப்புக் கணிப்பொறி அறிவியல் மாணவியராகிய நாங்கள் இயன்றவரை எளிமையாக எழுத முற்பட்டுள்ளோம்.

இப்போது இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. அடுத்து வந்த விண்டோஸ் 11, எல்லாக் கணிப்பொறிகளிலும் ஏறுவதில்லை. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், ஓரளவு புதிய செயலியும் இருந்தால்தான் ஏறும். இன்டெல் செயலியானால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிற்பட்டதோ வேண்டும். நம் பர்கூரின் துணிக்கடைகளிலும், மாங்கூழ் ஆலைகளிலும், கிரானைட் அலுவலகங்களிலும், ஏன், நம் வீடுகளிலும் ஓடிக்கொண்டிருக்கும் பல கணிப்பொறிகள் அதற்கு முந்தியவை. அவற்றைத் தூக்கி எறிய மனம் வராதவர்கள் லினக்ஸ் பக்கம் திரும்புகிறார்கள். நன்றாக உழைக்கும் இயந்திரத்தைக் குப்பையில் போடுவதைவிட இது மேலான வழி என்பதே எங்கள் கருத்தும்.

தமிழ்நாட்டிற்கு இது புதிதன்று. 2007-ஆம் ஆண்டையொட்டி, திரு. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கணிப்பொறிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. அதே ஆண்டில் சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்னும் இந்திய லினக்ஸ் வெளிவந்தது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் நம் அக்காமார் பலர் பெற்ற மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸும் அடுத்தடுத்து இருந்ததைச் சிலர் நினைவுகூரலாம். 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு ஆதரவு நின்றபோதும், பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி அரசுத் துறைகள் கேட்டுக்கொள்ளப்பட்டன. ஆகவே பத்தாண்டுகளுக்கு ஒருமுறையேனும் இப்படி ஒரு வீடுமாற்றம் வரத்தான் செய்கிறது. கற்றுக்கொண்டால் அடுத்த முறைக்கும் உதவும்.

நம் கடிதங்கள் உண்மையில் எங்கே இருக்கின்றன? இதுதான் முதல் கேள்வி. இதற்கு விடை தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தபாலை எண்ணிப் பாருங்கள். தபால்காரர் கடிதத்தை நம் வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விட்டால், அதன்பின் தபால் நிலையத்தில் அக்கடிதம் இல்லை. நாம் தொலைத்தால் தொலைந்ததுதான். இன்னொரு முறையும் இருக்கலாம். தபால் நிலையத்திலேயே நமக்கென ஒரு பெட்டி. நாம் போய்த் திறந்து படித்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டு வருகிறோம். வீடு இடிந்தாலும் கடிதம் பத்திரம். மின்னஞ்சலில் முதல் முறைக்குப் பாப் என்றும், இரண்டாம் முறைக்கு ஐமேப் என்றும் பெயர். இரண்டுமே 1980-களில் பிறந்தவை. ஐமேப் முறையை 1986-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் என்பவர் உருவாக்கினார். அக்காலத்தில் தொலைபேசிக் கம்பி வழியாகவே இணைப்புப் பெறவேண்டியிருந்ததால், கடிதங்களை விரைவாக இறக்கிக்கொண்டு இணைப்பைத் துண்டிப்பதே சிக்கனமாக இருந்தது. இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்ட நாளிலும் நிலைமை அதுவே. எனவே பழைய அலுவலகக் கணக்குகள் பல இன்றும் பாப் முறையிலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன. எவரும் மாற்ற நினைக்கவில்லை. ஓடுகிறதே என்று விட்டுவிட்டார்கள்.

முகவரி பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. பர்கூர் என்று ஈரோடு மாவட்டத்து அந்தியூர் மலையிலும் ஓர் ஊர் உண்டு. பர்கூர் மாடுகளுக்குப் பேர்போனது. 635104 என்னும் ஆறு இலக்கம் இல்லாவிட்டால் நம் கடிதம் மலையேறிவிடக்கூடும். 1972 ஆகஸ்ட் 15 அன்று அஞ்சல் குறியீட்டெண் வந்தது இதற்காகத்தான். மின்னஞ்சல் முகவரியிலோ ஓர் எழுத்துப் பிசகினாலும் குழப்பமே.

நம் கணக்கு எந்த முறையைச் சேர்ந்தது என்று அறிவது எளிது. மின்னஞ்சல் படிக்கும் செயலியின் கணக்கு அமைப்பில் வழங்கியின் பெயர் 'பாப்' என்று தொடங்குகிறதா, 'ஐமேப்' என்று தொடங்குகிறதா எனப் பாருங்கள். பெயரில் தெரியாவிட்டால் வாயில் எண்ணைப் பாருங்கள். 995 என்றால் பாப், 993 என்றால் ஐமேப். இதைவிட உறுதியான சோதனை ஒன்று உண்டு. வேறொரு கணிப்பொறியிலோ கைப்பேசியிலோ உலாவி வழியாக அதே கணக்கைத் திறந்து, நான்கைந்து ஆண்டுகளுக்கு முந்திய ஒரு கடிதத்தைத் தேடுங்கள். கிடைத்தால் அது மேலே இருக்கிறது. கிடைக்காமல், அலுவலகக் கணிப்பொறியில் மட்டும் கிடைத்தால், உலகிலேயே அதன் ஒரே பிரதி அந்தக் கணிப்பொறியின் வட்டில்தான் இருக்கிறது. அந்த வட்டைத் துடைப்பதற்கு முன் இருமுறை யோசிக்கவேண்டும்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அப்பா மாங்கூழ் வாணிகம் செய்கிறார். பெங்களூரா மாம்பழக் கூழை டிரம்களில் அடைத்து வெளிநாடு அனுப்பும் ஆலைகளுக்கும் வாங்குவோருக்கும் இடையே கடிதப் போக்குவரத்து அவருடையது. சென்ற ஆண்டு அவருடைய கணிப்பொறி மிக மெதுவாக ஓடவே, பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்தார். அவர் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், படங்கள் ஆகிய மூன்றையும் நகல் எடுத்துக்கொண்டு, வட்டைத் துடைத்துப் புதிதாக விண்டோஸ் ஏற்றிக் கொடுத்துவிட்டார். கணிப்பொறி பறந்தது. மின்னஞ்சல் செயலியைத் திறந்தால் அன்று காலை வந்த கடிதங்கள் மட்டுமே இருந்தன. பாப் கணக்கு. கடிதங்கள் யாவும் மறைந்திருக்கும் ஒரு கோப்புறையில் இருந்தன. அது நகல் எடுத்தவர் கண்ணுக்குத் தெரியவில்லை. கூழின் இனிப்பு அளவு எவ்வளவு, விலை எவ்வளவு, பணம் எந்தத் தவணையில் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டதெல்லாம் அவற்றில்தான் இருந்தது. அந்தப் பருவத்தில் விலையைப் பற்றி ஒரு தகராறு எழுந்தபோது, எதிர்த் தரப்பினரையே அழைத்து, "நீங்கள் எனக்கு எழுதியதை எனக்கே திருப்பி அனுப்புங்கள்" என்று கேட்கவேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது. அவர்கள் நல்லவர்கள், அனுப்பினார்கள். எல்லாரும் அனுப்புவார்கள் என்று சொல்வதற்கில்லை.

இத்தகைய நிலை நேர்ந்துவிட்டால் உடனே கணிப்பொறியை அணைத்துவிடவேண்டும். துடைத்த வட்டில் புதிதாக எதையும் எழுதாதவரை, மீட்பு மென்பொருள்களால் ஓரளவு தேடி எடுக்க வாய்ப்புண்டு. பழைய சுழல் வட்டில்தான் இந்த வாய்ப்பு, இன்றைய எஸ்.எஸ்.டி. வட்டுகள் அழித்த இடத்தைத் தாமே விரைவில் வெறுமையாக்கிவிடுவதால் அவற்றில் நம்பிக்கை மிகக் குறைவு.

இனி முறையாகச் செய்வதைப் பார்ப்போம். ஐமேப் கணக்கு உடையவர்கள் பெரிதாகக் கவலைப்படவேண்டியதில்லை. புதிய இயங்குதளத்தில் செயலியை நிறுவி, முகவரியும் கடவுச்சொல்லும் கொடுத்தால், கோப்புறைகள் ஒவ்வொன்றாக இறங்கி வரும். ஏதேனும் ஒரு கோப்புறை மட்டும் காணாவிட்டால் அழவேண்டாம். அதற்குச் சந்தா கொடுக்கப்படாமல் இருக்கலாம். கணக்கின் பெயரில் வலப்பக்கச் சொடுக்குச் செய்து 'சப்ஸ்கிரைப்' என்பதைத் திறந்து அதன் எதிரே குறியிட்டால் வந்துவிடும். அனுப்பிய கடிதங்களுக்கு இரண்டு கோப்புறைகள் தோன்றினாலும் அஞ்சவேண்டாம். பழைய செயலி ஒரு பெயரிலும் புதியது இன்னொரு பெயரிலும் வைத்திருப்பதுதான் காரணம். ஆயினும் ஐமேப் உடையவர்களும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். செயலியின் பக்கவாட்டில் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்றொரு பகுதி இருக்கும். மேலே இடம் நிறைந்துவிட்டது என்பதற்காக யாரேனும் பழைய கடிதங்களை அதற்குள் இழுத்துப் போட்டிருந்தால், அவை கணிப்பொறியில் மட்டுமே இருக்கும். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி இடம். நிறைந்த கணக்குகளில் இது அடிக்கடி நடப்பது.

பாப் கணக்கும் உள்ளூர்க் கோப்புறையும் உடையவர்களுக்குத்தான் உண்மையான வேலை. நம் பள்ளி அலுவலகத்தில் தண்டர்பேர்ட் என்னும் செயலி இருந்ததால் அதைக் கொண்டே விளக்குகிறோம். இது 2004 டிசம்பரில் முதற்பதிப்பு கண்ட இலவச மென்பொருள். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒன்றுபோலவே கடிதங்களைச் சேமிக்கிறது என்பது இதன் பெரிய நன்மை. நம்முடைய எல்லாம், அதாவது கடிதங்கள், முகவரிப் புத்தகம், வடிகட்டிகள், கடவுச்சொற்கள் யாவும், 'புரொஃபைல்' என்னும் ஒரே கோப்புறைக்குள் அடங்கும். விண்டோஸில் இது மறைந்திருக்கும். தேடி அலையாமல், செயலியின் 'ஹெல்ப்' பட்டியலில் 'டிரபுள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' என்பதைத் திறந்தால், புரொஃபைல் கோப்புறையைத் திறக்கும் பொத்தான் அங்கேயே இருக்கிறது. இடத்தைக் குறித்துக்கொண்டு, செயலியை முற்றிலும் மூடியபின், அக்கோப்புறை முழுவதையும் நகல் எடுக்கவேண்டும். திறந்திருக்கும்போது எடுத்த நகல் பாதி எழுதிய நோட்டைப் போன்றது.

நகலை எதில் எடுப்பது? இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கடையில் வாங்கும் பென் டிரைவ்கள் பல ஃபேட்32 என்னும் முறையில் அமைந்தவை. அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு கோப்பு ஏறாது. தண்டர்பேர்ட் வழக்கமாக ஒரு கோப்புறையின் கடிதங்கள் அனைத்தையும் ஒரே நீண்ட கோப்பாக, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவைக்கிறது. பத்தாண்டுக் கடிதங்கள் இருக்கும் 'இன்பாக்ஸ்' கோப்பு 4 ஜிபியைத் தாண்டுவது அரிதன்று. எல்லாம் ஏறி, முக்கியமான அந்த ஒன்று மட்டும் ஏறாமல் நின்றுவிடும். எக்ஸ்ஃபேட் முறையில் அமைத்த வட்டை எடுத்துக்கொண்டால் இத்தொல்லை இல்லை. செயலியிலேயே 'எக்ஸ்போர்ட்' என்றொரு வசதி உண்டு. ஆனால் 2 ஜிபிக்கு மேற்பட்டால் அது உதவாது.

புதிய இயங்குதளத்தில் தண்டர்பேர்டை நிறுவி, ஒருமுறை திறந்து மூடவேண்டும். அது தனக்கென ஒரு புதிய புரொஃபைல் கோப்புறையை உண்டாக்கிக்கொள்ளும். பழைய புரொஃபைலின் உள்ளடக்கம் முழுவதையும் அதற்குள் இட்டு, மீண்டும் திறந்தால், கணக்குகளும் கோப்புறைகளும் பழைய வரிசையிலேயே வந்து நிற்கும். லினக்ஸில் புள்ளியில் தொடங்கும் பெயர்கள் கண்ணுக்குத் தெரியா. கண்ட்ரோலும் எச்-சும் சேர்த்து அழுத்தினால் தெரியும். புதிய கணிப்பொறியில் உள்ள செயலி பழையதைவிடக் கீழ்ப்பதிப்பாக இருக்கக்கூடாது. இருந்தால் பழைய புரொஃபைலைத் திறக்க மறுக்கும். கடிதங்களை டி டிரைவில் சேமிக்கும்படி யாரேனும் முன்பு மாற்றியமைத்திருந்தால், அவை புரொஃபைலுக்குள் இரா. அதைத் தனியே எடுத்துவந்து புதிய இடத்தைக் கணக்கு அமைப்பில் காட்டவேண்டும்.

சில வேளை கோப்புறை வந்து, உள்ளே ஒன்றுமில்லாததுபோல் தோன்றும். ஒவ்வொரு கடிதக் கோப்பின் அருகிலும் எம்.எஸ்.எஃப். என்று முடியும் சிறு கோப்பு ஒன்று இருக்கும். அது வெறும் அட்டவணை. புத்தகத்தின் பொருளடக்கத்தை எலி கடித்தால் புத்தகம் போய்விடுமா? கோப்புறையின் பண்புகளில் 'ரிப்பேர் ஃபோல்டர்' என்பதை அழுத்தினால் செயலி கடிதங்களைப் படித்து அட்டவணையைத் தானே புதிதாக எழுதிக்கொள்ளும்.

அவுட்லுக் செயலியைப் பயன்படுத்தியவர்களின் கடிதங்கள் பி.எஸ்.டி. என்னும் கோப்பில் இருக்கும். லினக்ஸில் அவுட்லுக் இல்லை. ஆகையால் பழைய விண்டோஸை அழிக்குமுன் அதே கணிப்பொறியில் தண்டர்பேர்டை நிறுவி, அவுட்லுக்கிலிருந்து இறக்குமதி செய்துவிட்டு, பிறகு மேற்சொன்னபடி எடுத்துச் செல்வது நல்லது. அழித்தபின் நினைவுக்கு வந்தால், லினக்ஸில் 'ரீட்பிஎஸ்டி' என்னும் கருவி பி.எஸ்.டி. கோப்பைப் பிரித்துத் தரும். கோப்பு கைவசம் இருக்கவேண்டும் என்பதே நிபந்தனை.

தமிழ்க் கடிதங்களுக்கு மட்டும் உரிய ஒரு தொல்லையை மற்ற நாட்டார் எழுதிய கையேடுகளில் காணமுடியாது. நம் அலுவலகத்தில் மறைந்த தலைமையாசிரியை ஒருவர் முன்னாள் மாணவியருக்கு எழுதிய பழைய கடிதங்களைத் திறந்தபோது, அவை வாலும் தொப்பியும் வைத்த ஆங்கில எழுத்துகளாகக் காட்சியளித்தன. உடன் நின்ற சிஸ்டர் அவை கெட்டுவிட்டன என்றே எண்ணினார். கெடவில்லை. அவை ஒருங்குறிக்கு முந்திய காலத்தவை. அக்காலத்தில் டிஸ்கி, டேப், டேம் எனப் பல குறியேற்றங்கள் இருந்தன. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு டேப், டேம் இரண்டையும் தரப்படுத்தியது. 2010-இல்தான் ஒருங்குறி அரசின் தரமாயிற்று. அலுவலகங்களில் வானவில் எழுத்துருவில் அடித்த சான்றிதழ்களும் சுற்றறிக்கைகளும் எண்ணற்றவை. புதிய இயங்குதளத்தில் அந்த எழுத்துரு இல்லையென்றால் அவை புரியாத கிறுக்கலாகத் தோன்றும். எனவே பழைய விண்டோஸின் 'ஃபாண்ட்ஸ்' கோப்புறையையும் மறவாமல் நகல் எடுக்கவேண்டும். எழுத்துருவை நிறுவியவுடன் இணைப்பாக வந்த ஆவணங்கள் தெளிந்துவிடுகின்றன. கடிதத்தின் உடலில் உள்ளதை எழுத்துரு மாற்றிகளில் இட்டு ஒருங்குறியாக மாற்றிக்கொள்ளலாம். சிஸ்டர் அன்று மாலை முழுதும் அமர்ந்து அக்கடிதங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். நாங்கள் வீட்டுக்குப் போக ஆறு மணி ஆயிற்று.

கடவுச்சொல்லைப் பற்றியும் சொல்லவேண்டும். முன்பெல்லாம் கடவுச்சொல் ஒன்றே போதும். 2022-ஆம் ஆண்டு முதல் கூகுள், வெறும் கடவுச்சொல்லை வைத்துப் பிற செயலிகள் உள்ளே நுழைவதைத் தனிநபர் கணக்குகளுக்கு நிறுத்திவிட்டது. உலாவிச் சாளரம் ஒன்று திறந்து, கைப்பேசிக்கு வரும் எண்ணைக் கேட்கலாம். யாருடைய கைப்பேசி? கணக்கைத் தொடங்கிய எழுத்தர் ஓய்வு பெற்றிருப்பார். சிஸ்டர் வேறு மடத்திற்கு மாற்றலாகியிருப்பார். அந்த எண் இப்போது முன்பின் தெரியாத ஒருவரிடம் இருக்கலாம். பழைய கணிப்பொறி உள்ளே நுழைந்த நிலையிலேயே இருந்ததால் யாரும் இதை உணர்ந்திருக்கமாட்டார்கள். வட்டைத் துடைத்த நொடியில் கதவு சாத்திக்கொள்ளும். ஆதலால் பழைய கணிப்பொறி திறந்திருக்கும்போதே மீட்பு எண்ணையும் மீட்பு முகவரியையும் இன்றைக்கு உள்ளவர்களுடையதாக மாற்றிவிடவேண்டும். இரண்டாண்டுகள் எவரும் தொடாத தனிநபர் கணக்குகளைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் அழிக்கத் தொடங்கியது என்பதையும் பெற்றோர் கவனிக்க வேண்டுகிறோம். வெளியூரில் படிக்கும் பிள்ளையின் பெயரில் என்றோ தொடங்கிய கணக்கில் குடும்பப் படங்கள் இருக்கக்கூடும்.

நகல் எடுத்த பென் டிரைவும் ஒரு சாவிக்கொத்துதான். புரொஃபைலுக்குள் கடவுச்சொற்களும் உள்ளன. தலைமைக் கடவுச்சொல் ஒன்று வைத்திராவிட்டால், அதைக் கையில் எடுப்பவர் எவரும் அவற்றைப் படிக்கலாம். வேலை முடிந்ததும் அதை மேசை இழுப்பறையில் போட்டுவைக்காமல் பூட்டிவைக்கவேண்டும்.

பெரிய அளவில் இதைச் செய்தவர்களும் உண்டு. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு, மைக்ரோசாஃப்டின் அஞ்சல் அமைப்பை விட்டு, ஓப்பன்-எக்ஸ்சேஞ்சுக்கும் தண்டர்பேர்டுக்கும் மாறும் பணியை 2025 அக்டோபரில் முடித்ததாக அறிவித்தது. 40,000-க்கும் மேற்பட்ட அஞ்சல் பெட்டிகள். 10 கோடிக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்களும் நாட்காட்டிக் குறிப்புகளும். ஆறு மாத வேலை. இடையில் ஊழியர்களிடமிருந்து குறைகள் எழாமல் இல்லை. நம் நாட்டிலும் சுமார் 12 லட்சம் மத்திய அரசு ஊழியர்களின் மின்னஞ்சல்கள் சோஹோ நிறுவனத்தின் அமைப்புக்கு மாற்றப்பட்ட செய்தி அதே மாதத்தில் வெளியாயிற்று. சோஹோ நம் தமிழ்நாட்டு நிறுவனம். தென்காசிப் பக்கத்திலும் அதற்கு அலுவலகம் உண்டு.

பாப் கணக்கை வைத்திருப்போர் இந்த மாற்றத்தோடு ஐமேப்புக்கு மாறிவிடுவதே நல்லது. ஒரே செயலியில் அதே முகவரியை ஐமேப் கணக்காகவும் சேர்த்து, பழைய உள்ளூர்க் கோப்புறைகளிலிருந்து கடிதங்களைப் புதிய கணக்கின் கோப்புறைகளுக்கு நகலெடுத்தால், அவை மேலே ஏறிவிடும். ஒரேயடியாகப் பத்தாயிரம் கடிதங்களைத் தூக்கவேண்டாம். பாதியில் இணைப்பு அறுந்தால் எது ஏறியது, எது ஏறவில்லை என்று தெரியாமல் போகும். ஆண்டு வாரியாக, சில நூறுகளாக அனுப்பி, ஒவ்வொன்றும் முடிந்ததும் இரு பக்கத்து எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நம் பர்கூர் மின்சாரத்தை நம்பி இரவு முழுதும் ஓடட்டும் என்று விட்டுச் செல்வதும் உசிதமன்று.

எல்லாம் சரியாக வந்துவிட்டது என்று தோன்றும் நாளில் பழைய வட்டைத் துடைத்துவிட ஆசை பிறக்கும். மூன்று மாதமாவது பொறுத்திருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் தேவைப்படும் கடிதங்கள் உண்டு: உதவித்தொகை அனுமதி, தேர்வு மையக் கடிதம், கட்டட உரிமச் சான்று முதலியன. நம் அலுவலகத்தில் பழைய வட்டைக் கழற்றி, தேதி எழுதிய காகிதம் ஒட்டி, மாணவியர் மாற்றுச் சான்றிதழ்ப் பதிவேடுகள் இருக்கும் இரும்பு அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறோம். சாவி தலைமையாசிரியைச் சிஸ்டரிடம் உள்ளது.